ஹாரனின் சஸ்பென்ஷன்

கடைசி சீட்டுக்கு அடியில் கிடந்த அந்தக் கறுப்புப் பையைத் தேடி யாரும் வரவில்லை. பயணிகள் விட்டுப்போகும் குடை, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு எல்லாம் டிப்போ வாசலில் இருக்கும் மர அலமாரியில் கொஞ்ச நாள் தூங்கும். இந்தப் பைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பையின் மேல் 'சஸ்பென்ஷன்' என்று கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அதைப் படித்த ஆபீஸ் குமாஸ்தா மறுயோசனை இல்லாமல் பையை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிட்டார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. பஸ் கம்பெனியில் சஸ்பென்ஷன் என்றால் இரண்டே அர்த்தம்தான். ஒன்று, வண்டிக்கு அடியில் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் சாமான். இன்னொன்று, வேலையிலிருந்து நிறுத்தி வைப்பது. இரண்டாவது கவரில்தான் வரும், பையில் வராது. ஆகவே இது ஸ்பிரிங் சாமான் என்று முடிவு கட்டினார்.

ஒர்க்‌ஷாப் மேஸ்திரி பையைத் தலைகீழாக உதறினார். இரண்டு நீளமான பட்டைகள் விழுந்தன. தடித்த நைலான், நடுநடுவே கொக்கி, முனைகளில் ரப்பர் போட்ட கைப்பிடி, அதற்குக் கீழே கால் நுழைகிற மாதிரி ஒரு வளையம். கூடவே குட்டித் தலையணை மாதிரி பஞ்சு வைத்துத் தைத்த ஒரு குமிழ்.

"இது எந்த வண்டிக்குடா ஸ்பிரிங்கு?" என்றார் மேஸ்திரி.

"பிள்ளைக்குத் தூளி கட்டற கயிறு அண்ணே" என்றான் ஒரு டிரைவர்.

"கைப்பிடி எதுக்கு அப்ப? பிள்ளை பிடிச்சுக்கவா? குதிரைக்குக் கடிவாளம் இது."

இன்னொருவன் பையைத் திருப்பி எழுத்துக் கூட்டிப் படித்தான். "அண்ணே, இதுல சஸ்பென்ஷன் டிரெய்னிங்னு போட்டிருக்கு."

ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. "சஸ்பென்ஷனுக்கு டிரெய்னிங் வேற குடுக்கறாங்களா? நம்ம மேனேஜர் டிரெய்னிங் இல்லாமலே குடுப்பாரே!"

மேஸ்திரி நடைமுறை மனிதர். பானெட்டை நிறுத்தி வைக்கும் கம்பி உடைந்துபோன ஒரு வண்டி அவரிடம் இருந்தது. பட்டையை ஷெட்டின் உத்தரத்தில் கட்டி, பானெட்டை அதில் மாட்டிவிட்டார். வந்த காரியம் என்னவென்று தெரியாமலே அந்தப் பட்டை ஒரு வாரம் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றவள் பெயர் டிப்போவில் ஹாரன்.

ஹாரன் என்றதும் வாயாடி என்று நினைத்துவிட வேண்டாம். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுகிறவள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வண்டியைக் கேட்டுக்கு வெளியே எடுக்கும்போது ஹாரன் சிக்கிக்கொண்டது. கேட்டிலிருந்து அடுத்த நாலு தெரு தாண்டும்வரை அது அலறிக்கொண்டே போனது. கம்பெனியின் முதல் பெண் டிரைவர் ஊரையே எழுப்பிக்கொண்டு போகிறாள் என்று சிரித்தார்கள். அன்றைக்கு ஒட்டிய பெயர், பிறகு உரிக்க முடியவில்லை. உரிக்க அவளும் முயற்சி செய்யவில்லை. ஓட்டுகிறபோது அவள் ஹாரனைத் தொடுவதே அபூர்வம் என்பது அந்த வழியில் தினமும் போகிறவர்களுக்குத் தெரியும்.

மலை தாண்டிக் கடற்கரை ஊருக்குப் போகும் பகல் வண்டி அவளுடையது. காலையில் கிளம்பினால் சாயங்காலம் அங்கே. இரவு தங்கி மறுநாள் திரும்ப வேண்டும். கடைசி வளைவில் வண்டியைத் திருப்பும்போது கண்ணாடி முழுக்கக் கடல் எழுந்து நிற்கும். அந்த இடத்தில் மட்டும் அவள் கண்டக்டரிடம் தானாக வாயைத் திறப்பாள். "வந்துருச்சு" என்பாள். அவ்வளவுதான்.

ஒரு நாள் வண்டியின் மேல் கேரியரிலிருந்து யாரோ ஒரு பயணியின் இரும்புப் பெட்டி சறுக்கியது. கீழே ஒரு அம்மா பிள்ளையோடு நின்றிருந்தாள். ஹாரன் யோசிக்காமல் இடது கையைத் தூக்கிப் பெட்டியைத் தாங்கினாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் தோள்பட்டை அப்படியே பூட்டிக்கொண்டது. தலை வாரக் கை எழும்பவில்லை. சட்டை மாட்ட வீட்டுக்காரர் உதவ வேண்டியிருந்தது. டாக்டர் நீண்ட லீவு எழுதிக் கொடுத்தார். உடற்பயிற்சி சொல்லித் தரும் அம்மா ஒருத்தி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச் சொன்னாள். வலி குறைந்தது. ஆனால் முழுசாகத் திறக்காத ஜன்னல் மாதிரி, கை பாதியில் நின்றது.

லீவு முடிந்து வந்தபோது அவள் வண்டியில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். மேனேஜர் அவளை டிக்கெட் செக்கிங்கில் போட்டார். நடுவழியில் ஏறி, டிக்கெட் பார்த்து, இறங்கி, இன்னொரு வண்டியில் ஏறி, எந்த ஊரில் பொழுது சாய்கிறதோ அந்த ஊர் லாட்ஜில் தங்குகிற வேலை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பயிற்சிக்குப் போவது எங்கே? இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர். தோள் மறுபடி இறுகத் தொடங்கியது.

"அடுத்த மாசக் கடைசியோட உன் டிரைவர் போஸ்ட்டை மூடிடுவாங்கம்மா" என்று மேனேஜர் கனிவாகவே சொன்னார். "அப்புறம் நிரந்தரமா கவுன்டர்தான். ஏசி ரூமு, சுத்தற நாற்காலி. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"டெஸ்ட் வைங்க சார்" என்றாள் ஹாரன்.

நீண்ட லீவில் போய்த் திரும்பும் எந்த டிரைவருக்கும் கம்பெனியில் ஒரு டெஸ்ட் உண்டு. டிப்போவின் பின்பக்கம் ஒரு பழைய பஸ் நிற்கிறது. பவர் ஸ்டீயரிங் வருவதற்கு முந்தைய காலத்து வண்டி. சொன்னது கேட்காது, லேசில் திரும்பாது, எப்போதும் உறுமும். அதனால் அதற்கு மாமனார் என்று பெயர். மாமனாரை ரிவர்ஸில் எடுத்து, குறுகலான ஷெட்டுக்குள் எதிலும் உரசாமல் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதைச் செய்துவிட்டால் வழக்கமான ரூட் திரும்பக் கிடைக்கும். மாமனாரின் சாவி மேனேஜரின் மேஜை டிராயரில் இருக்கும்.

"அந்த ஸ்டீயரிங்கை ஆம்பளைங்களே ரெண்டு கையால பிடிச்சுத் தொங்கணும். உன் கை இருக்கற நிலைமைல? போம்மா, அப்புறம் பாக்கலாம்."

அன்று மதியம்தான் அவள் ஒர்க்‌ஷாப் ஓரமாக நின்று, பானெட்டைத் தாங்கிக்கொண்டிருந்த பட்டையைப் பார்த்தது. அந்த மாதிரிக் கைப்பிடியைப் பிடித்துச் சாய்ந்து, பயிற்சி சொல்லித் தரும் அம்மாவின் அறையில் ஒருத்தி தோளுக்குப் பலம் ஏற்றிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

"மேஸ்திரி, இதை நான் எடுத்துக்கட்டுமா?"

"பானெட்டு என் தலைல விழும், பரவாயில்லையா?"

"ஒரு கம்பை முட்டுக் குடுங்க."

மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு கம்பை எடுத்து முட்டுக் கொடுத்துவிட்டு, பட்டைகளையும் குமிழையும் பையில் போட்டு நீட்டினார்.

முதல் தடவை அதை மாட்டியது ஒரு லாட்ஜில். பட்டைகளின் கொக்கியில் கோத்த குமிழைக் கதவுக்கு மேலாக வெளிப்பக்கம் போட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டால் பட்டை உள்பக்கம் தொங்கும். அவளாகக் கண்டுபிடித்துக்கொண்டதுதான். கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். தோள் முனகியது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். உடம்பின் பாரம் முழுக்கக் கைக்கு வந்தபோது தாழ்ப்பாளின் துருப்பிடித்த ஆணிகள் நாலும் ஒரே சமயத்தில் விடைபெற்றுக்கொண்டன. கதவு பறந்து திறந்தது. அவள் மல்லாக்க விழுந்தாள். வாசலில் ஒரு ஆள் பல் துலக்கியபடி நின்றுகொண்டிருந்தான்.

"என்னம்மா, கதவைக் கழட்டறீங்களா?" என்றான் நுரையோடு.

"கதவுதான் என்னைக் கழட்டுது" என்றாள் அவள், தரையில் கிடந்தபடியே.

ஆணி ஓட்டைகளில் தீக்குச்சியை ஒடித்துச் செருகி, தாழ்ப்பாளைப் பழையபடி முடுக்கினாள். இடுப்பைத் தேய்த்துக்கொண்டே பையைத் துழாவியபோது உள்தையலில் ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. ஊரான் பொருளை வைத்துக்கொண்டதால்தான் இப்படி ஆயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நம்பருக்குப் போன் செய்தாள். முன்பின் தெரியாதவர்களிடம் போனில் பேசுவது அவளுக்கு மாமனாரைத் திருப்புவதைவிடக் கஷ்டம்.

எடுத்தது ஒரு சின்னப் பெண். ஊர் ஊராகப் போய் மருந்து விற்கிற வேலை.

"அய்யோ அக்கா, அது உங்க பஸ்லயா கிடந்துச்சு? நான் வேற வாங்கிட்டேன். நீங்களே வச்சுக்கங்க. ஆனா கேக்கறேன், விழுந்தீங்களா?"

"எப்படித் தெரியும்?"

"எல்லாரும் மொத நாள் விழுவாங்க. கதவு எந்தப் பக்கம் திறக்குது, உங்களைப் பாத்தா, அந்தப் பக்கமா?"

"என்னைப் பாத்து."

"அதான். உங்களைப் பாத்துத் திறக்கற கதவுல மாட்டினா, நீங்க இழுக்கறது கதவைத் திறக்கறதுக்குச் சமம். அந்தப் பக்கமா திறக்கற கதவுல மாட்டுங்க. அப்ப நீங்க இழுக்க இழுக்கக் கதவு இன்னும் இறுகிச் சாத்திக்கும். எமனே வந்து அந்தப் பக்கமிருந்து இழுத்தாலும் லேசுல திறக்காது."

அன்றிலிருந்து ஹாரன் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கதவைத்தான் பார்த்தாள். லாட்ஜ் அறைக் கதவுகள் உள்ளே திறக்கும், உதவாது. பாத்ரூம் கதவு பெரும்பாலும் பாத்ரூமுக்குள் திறக்கும். அறையில் நின்று இழுக்கலாம். பயிற்சி சொல்லித் தரும் அம்மாவிடம் ஒரு முறை பட்டையைக் கொண்டுபோய்க் காட்டினாள். அந்த அம்மா எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லி, "அவசரப்பட்டா தோளு உன்னை மன்னிக்காது" என்று அனுப்பினாள்.

அப்புறம் பட்டை எங்கேதான் தொங்கவில்லை? லாட்ஜ் பாத்ரூம் கதவில் தொங்கியது. பஸ் ஸ்டாண்டுகளின் பெண்கள் ஓய்வறையில் தொங்கியது. கதவு எதுவும் சரிப்படாத ஊரில், நிறுத்தி வைத்த பஸ்ஸின் பின் ஏணியில் தொங்கியது. விடிந்ததும் விடியாததுமாய் அவள் கைப்பிடியைப் பிடித்துச் சாய்ந்து, நெஞ்சு கைப்பிடியைத் தொடும்வரை தன்னைத் தானே இழுத்துக்கொள்வாள். காலை முன்னால் நகர்த்த நகர்த்தப் பாரம் கூடும். முதலில் சுவரில் சாய்ந்தவள் போல நின்றாள். நாளாக ஆகக் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பஸ் ஸ்டாண்டில் பெருக்குகிற அம்மா ஒருத்தி விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "என்ன வேண்டுதல் தாயி இது?" என்று கேட்டாள்.

"வண்டி வேணும்னு வேண்டுதல்" என்றாள் ஹாரன்.

ஒரு நாள் செக்கிங்குக்காக அவளுடைய பழைய வண்டியிலேயே ஏற வேண்டி வந்தது. மலைப்பாதையில் புதியவன் ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடித்தான். ஒவ்வொரு இறக்கத்திலும் பிரேக்கை மிதித்தான். டிக்கெட் பார்த்துக்கொண்டு நின்றவளின் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. கடைசி வளைவில் கடல் வந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. கண்டக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அன்றைக்கு "வந்துருச்சு" என்று சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கிப் போய், அந்த ஊர் ஓய்வறைக் கதவில் பட்டையை மாட்டினாள். வழக்கத்தைவிடக் காலை ஒரு அடி முன்னால் வைத்தாள்.

வீட்டில் வீட்டுக்காரரின் அக்கா இருந்தாள். அவள் வாய்க்கு ஓய்வு நாள் கிடையாது. ஹாரன் ஊரிலிருந்து வந்து சமையலறைக் கதவில் பட்டையை மாட்டியதும் ஆரம்பித்துவிடுவாள்.

"ஏசி ரூம்ல சுத்தற நாற்காலில உக்காருன்னா கசக்குது. வீட்டுல வந்து வௌவால் மாதிரி தொங்கறா. பாக்கறவங்க என்னடா நினைப்பாங்க?"

வீட்டுக்காரர் செருப்புப் பட்டறையில் தோல் வெட்டுகிறவர். தலை நிமிராமல் சொன்னார்: "வௌவாலுக்குத் தோள்பட்டை வலின்னு நீ கேள்விப்பட்டிருக்கியாக்கா?"

"நல்லா சப்போர்ட் பண்ணு. இந்த வயசுல ஒரு பொம்பளை பஸ்ஸை இழுத்துக்கிட்டு மலை ஏறணுமா? உக்காந்த இடத்துல சம்பளம் வந்தா வேணாங்கறது உலகத்துல இவ ஒருத்திதான்."

"அண்ணி" என்றாள் ஹாரன், தொங்கியபடியே. "உக்காந்துதான் ஓட்டறேன் நான்."

வீட்டுக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பானெட்டைத் தாங்கியதில் கைப்பிடியின் ரப்பர் கிழிந்திருந்தது. அன்றைக்கே பட்டறையிலிருந்து மெத்தென்ற தோல் துண்டு கொண்டுவந்து, செருப்பு தைக்கிற ஊசியால் இரண்டு கைப்பிடிக்கும் உறை தைத்துக் கொடுத்தார். "வழுக்காது பாரு" என்றார்.

கை மேலே போனது. முதலில் காது வரை. அப்புறம் நெற்றி வரை. ஒரு நாள் காலை லாட்ஜ் கண்ணாடி முன்னால் நின்று, யார் உதவியும் இல்லாமல் இரண்டு கையாலும் தலை வாரிப் பின்னிக்கொண்டாள். பின்னிய பின்னலை அவிழ்த்து, நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை பின்னினாள்.

ஆனால் மேனேஜர் டெஸ்ட்டுக்குப் பிடி கொடுக்கவில்லை. போனால் "இன்னைக்கு மீட்டிங்" என்பார். மறுபடி போனால் "மாமனாருக்கு பேட்டரி இல்லை" என்பார். மேஸ்திரியைக் கேட்டால், "போன வாரம்தான் புதுசு போட்டேன்" என்பார். மறுபடி போனால் மேனேஜர் போனில் இருப்பார், கையை ஆட்டுவார். மாசம் தேய்ந்துகொண்டே போனது. அவர் கெட்டவரில்லை, கத்துகிறவரும் இல்லை. கதவைச் சாத்திக்கொள்கிறவர். கத்துகிறவரிடம் திருப்பிக் கத்தலாம். கதவைச் சாத்திக்கொள்கிறவரிடம் என்ன செய்வது?

மாசக் கடைசி நாளும் வந்தது. மதியம் ஷிஃப்ட் மாறுகிற நேரம், ஹாரன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடி ஏறினாள். மேனேஜரின் அறை தாழ்வாரத்தின் கோடியில். கதவு பாதி திறந்திருந்தது.

"சார், இன்னைக்குக் கடைசி நாள்."

"தெரியும்மா. சாயங்காலம் லிஸ்ட் போயிடும். எல்லாம் முடிஞ்சு போச்சு. இனிமே மனசைக் குழப்பிக்காதே."

"ஒரே ஒரு தடவை மாமனார் சாவியைக் குடுங்க. உரசிச்சுன்னா நானே கவுன்டர்ல போய் உக்காந்துக்கறேன்."

"உன் நல்லதுக்கு..."

"என் நல்லது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் சார். ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி இருக்கு."

அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதையோ படிப்பதுபோல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"கதவைச் சாத்திட்டுப் போம்மா."

ஹாரன் கதவின் பிடியைப் பிடித்தாள். அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது, இத்தனை நாள் வந்து போயும் பார்க்காமல் விட்டது. இந்தக் கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. தாழ்வாரத்தில் நின்று பார்த்தால், அந்தப் பக்கமாகத் திறக்கிற கதவு.

பைக்குள் கைவிட்டாள். பஞ்சுக் குமிழைக் கதவுக்கு மேலாக உள்பக்கம் போட்டாள். மேனேஜர் நிமிரவில்லை. அவர் சொன்னபடியே கதவைச் சாத்தினாள். சொன்னதில் பாதியைச் செய்தாகிவிட்டது. போவது மட்டும்தான் பாக்கி. அதை அவள் செய்யவில்லை.

தோல் உறை போட்ட கைப்பிடிகளைப் பிடித்தாள். காலைக் கதவடிக்கு நகர்த்தினாள். சாய்ந்தாள்.

முதலில் பார்த்தது படியேறி வந்த ஒரு கண்டக்டர். அவர் போய்ச் சொல்ல, கீழே இருந்தவர்கள் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். தாழ்வாரம் நிறைந்துபோனது. கூட்டம் என்றாலே ஒதுங்கி நிற்கிறவள் அவள். இன்றைக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் யார் முகமும் தெரியவில்லை. அது ஒரு வசதி.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிடி திரும்பியது. கதவு அசையவில்லை. மறுபடி திரும்பியது.

"யாரது, கதவைப் பிடிச்சிட்டிருக்கறது?"

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "யாரும் பிடிக்கல சார். ஹாரன் தொங்குது."

உள்ளே இருந்து குரல் நடுங்கி வந்தது. "தொங்குதா? என் கதவுலயா? உயிரோடயா?"

"நல்லா உயிரோடதான் சார். வேணும்னா கேட்டுப் பாருங்க."

"சார்" என்றாள் ஹாரன். "சாவி வேணும்."

தாழ்வாரம் சிரித்ததில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேனேஜருக்கு இப்போது கோபம் வந்துவிட்டது. இரண்டு கையாலும் கதவை இழுத்தார். ஒரு நூல் திறந்தது. இன்னும் நாலு விரல்கடை திறந்தால் குமிழ் உருவிக்கொண்டு வந்துவிடும். இத்தனை பேர் முன்னால் ஹாரன் மல்லாக்க விழுவாள். அதோடு கதை முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் தாழச் சாய்ந்தாள். இடது தோளில் நெருப்பு ஓடியது. ஓடட்டும் என்று விட்டாள். கைப்பிடி நெஞ்சைத் தொடும்வரை தன்னை மேலே இழுத்தாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அவர் இழுத்தார், இவள் சாய்ந்தாள். அவர் மறுபடி இழுத்தார், இவள் மறுபடி சாய்ந்தாள். கடைசியில் உள்ளே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"இந்தாம்மா! உனக்கு சஸ்பென்ஷன்! கேட்டுக்கோ, சஸ்பென்ஷன்!"

"அதுலதான் சார் இருக்கேன்" என்றாள் ஹாரன்.

இந்தத் தடவை சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஒருவன் கீழே கிடந்த பையைத் தூக்கி அதிலிருந்த எழுத்தை எல்லாருக்கும் காட்டினான். "சார், டிரெய்னிங்கோட சேத்து சார்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மேஸ்திரி கதவருகே போய்க் குனிந்து மெதுவாகச் சொன்னார். "சார், நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. உங்களை உள்ள வச்சு இழுத்துப் பிடிக்கற கை, மாமனாரைத் திருப்பாதா?"

உள்ளே டிராயர் திறக்கும் சத்தம். அப்புறம் கதவுக்கு அடியிலிருந்த இடுக்கில், தரையை உரசிக்கொண்டு, ஒரு சாவி வந்தது.

மாமனார் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். ஹாரன் ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் தள்ளினாள். மேனேஜர் கீழே இறங்கிவந்து ஷெட் வாசலில் நின்றார். முகம் இன்னும் சிவந்திருந்தது. "எங்க உரசினாலும் முடிஞ்சுது" என்றார்.

என்ஜின் உறுமியது. ஸ்டீயரிங் அம்மிக்கல் மாதிரி அசையாமல் நின்றது. இடது கையை மேலே கொடுத்து, முதுகிலிருந்து இழுத்தாள். கதவை இழுப்பதுபோலத்தான். தோள் மறுபடி எரிந்தது. ஆனால் பாதியில் நிற்கவில்லை. சக்கரம் முனகியபடி திரும்பியது. பாதி உள்ளே போனபோது என்ஜின் அணைந்தது. கூட்டத்தில் யாரோ 'உச்' கொட்டினார்கள். அவள் மறுபடி கிளப்பினாள். வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுத்து நேராக்கினாள். மறுபடி பின்னால் விட்டாள். வலது கண்ணாடிக்கும் ஷெட் தூணுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடம்தான் இருந்தது. அந்த இடம் கடைசிவரை அப்படியே இருந்தது.

என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கும்போது, வெகுநாளைக்குப் பிறகு, ஹாரனை ஒரு தடவை நீளமாக அழுத்தினாள். சிக்கிக்கொள்ளவில்லை. வேண்டுமென்றேதான்.

மேனேஜர் தூணையும் பார்த்தார், வண்டியையும் பார்த்தார். தூணை ஒரு முறை தடவியும் பார்த்தார். சுண்ணாம்பு கூட உதிர்ந்திருக்கவில்லை. சாயங்கால லிஸ்ட்டில் மலைவண்டிக்கு நேராக அவள் பெயர்தான் இருந்தது. ஆனால் சொன்ன வாக்கையும் அவர் மீறவில்லை. ஆபீஸ் கதவைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக மூன்று நாள் சஸ்பென்ஷன். கவரில்தான் வந்தது.

"பாத்தியா, கடைசில வேலையை விட்டு நிறுத்திட்டாங்க" என்றாள் அண்ணி.

"மூணு நாள்தான் அண்ணி. ஓய்வு."

"ஓய்வுன்னா படுத்துக்க வேண்டியதுதானே? மறுபடி என்ன கதவுல?"

வீட்டுக்காரர் கவரைத் தடவிப் பார்த்தார். "நல்ல தடிமனான பேப்பர்" என்றார். "செருப்பு அச்சு வெட்ட ஆகும்."

நாலாம் நாள் காலை ஹாரன் மலைவண்டியை எடுத்தாள். கேட்டில் நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து வாயாலேயே ஹாரன் அடித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தது. கடைசி வளைவில் வண்டியைத் திருப்பினாள். கண்ணாடி முழுக்கக் கடல் எழுந்தது.

"வந்துருச்சு" என்றாள்.

"நீயும்தான்" என்றார் கண்டக்டர்.

அந்த ஊரில் வழக்கமாகத் தங்கும் ஓய்வறையில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து லாட்ஜுக்குப் போனாள். கவுன்டரில் இருந்தவர் சுழல் நாற்காலியில் ஏசிக் காற்றில் உட்கார்ந்து கேட்டார்.

"ஏசி ரூமா, சாதா ரூமா?"

"அது எதுவானாலும் சரி" என்றாள் ஹாரன், பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டே. "பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?"